நகர் நாளுக்கு யாரை அழைப்பது?

கேள்வி: தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றை ஒட்டிய ஒரு நகரில் குடியிருக்கிறோம். ஆறு தெரு, ஏறக்குறைய 220 வீடு. நலச்சங்கத்துக்கு இந்த ஆண்டு என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். போன வருடம் வீட்டுக்கு 500 ரூபாய் வாங்கி ஆண்டு விழா நடத்தினோம். மேடை, மெல்லிசைக் குழு, சிறப்பு விருந்தினர்கள், பொன்னாடை எல்லாம் உண்டு. பேச்சு முடிவதற்குள் முக்கால்வாசி நாற்காலி காலியாகிவிட்டது. இந்த முறை வேறு மாதிரி ஒரு நாள் நடத்த ஆசை. அதற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், எங்கள் தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்த பெரியவர் ஒருவர் இரண்டு நாள் மொட்டை மாடியிலேயே தவித்திருக்கிறார். தண்ணீர் வடிந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. இன்னும் உறுத்துகிறது. ஆனால் கமிட்டியில் பேச்சே வேறு. வாடகைக்கு இருப்பவர்கள் சந்தா கட்டுவதில்லை, அவர்களை ஏன் அழைக்க வேண்டும் என்கிறார்கள். பின்தெருவில் நகர் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற ஊர்க்காரர்கள், ஒரு வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் பையன்கள் பத்துப் பேர். இவர்களைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. தேதி, செலவு, அனுமதி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

கடிதத்தின் கடைசியில் தேதியும் செலவும் கேட்டிருக்கிறீர்கள். நடுவில் அந்தப் பெரியவரைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நாலு வரிதான் கேள்வியாகப் படுகிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பிரான்ஸில் 'பக்கத்து வீட்டார் நாள்' என்று ஆண்டுதோறும் கொண்டாடுகிறார்கள். 1999-ல் பாரிஸ் நகரத்தின் 17-ஆம் வட்டாரத்தில் தொடங்கியது. அதற்கு வித்திட்டது ஒரு சாவு. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் வயதான பெண்மணி ஒருவர் தம் வீட்டுக்குள்ளேயே இறந்து, மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் கிடந்திருக்கிறார். அது மனத்தைப் பிடித்து உலுக்கிய சிலர், வருடத்தில் ஒரு நாளாவது கதவைத் திறந்து, ஆளுக்கு ஒரு பண்டத்தைக் கொண்டுவந்து, முற்றத்திலோ தெருவிலோ மேசை போட்டுச் சேர்ந்து சாப்பிடுவோம் என்று ஆரம்பித்தார்கள். அதில் மேடை கிடையாது, தலைமை உரை கிடையாது. இன்று பல நாடுகளுக்கு அது பரவியிருக்கிறது. உங்கள் பெரியவர் நல்லவேளையாக உயிரோடு இறங்கி வந்தார். நீங்கள் நடத்த நினைக்கும் நாளும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. கமிட்டியில் பேசும்போது முதலில் இதைச் சொல்லுங்கள். விழா எதற்கு என்பதில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் யாரை அழைப்பது என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

குடியிருப்போர் சங்கங்களோடு வேலை செய்ய ஆரம்பித்து எனக்கு இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் பார்த்தவரை, சந்தாவை வைத்து அழைத்த எந்த நாளும் அந்த இடத்தைச் சேர்த்ததில்லை. சங்கத்தின் பொதுக்குழுவுக்கு உறுப்பினர்களை மட்டும் அழைப்பதுதான் முறை. பதிவுபெற்ற சங்கம் என்றால் அதற்கு 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது, துணைவிதி இருக்கிறது, ஓட்டு இருக்கிறது. அங்கே சந்தா கணக்கு சரி. ஆனால் தண்ணீர் ஏறும்போது வீடு சொந்தமா வாடகையா என்று பார்த்து ஏறாது. அன்றைக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறவர், மாடியில் வாடகைக்கு இருக்கும் மருத்துவமனை நர்ஸாகவே இருக்கலாம். கீழ்வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது மோட்டாரை நிறுத்துகிறவரும், தபாலை வாங்கி வைக்கிறவரும் பெரும்பாலும் வாடகைக்காரர்தான். 'நகர் நாள்' என்று பெயர் வைத்தால் நகரில் எத்தனை கதவு இருக்கிறதோ அத்தனைக்கும் அழைப்புப் போக வேண்டும். ஒரே கட்டடத்தில் நான்கு குடித்தனம் என்றால் நான்கு அழைப்பு. வீட்டுக்காரரிடம் ஒன்று கொடுத்து, 'மாடியில இருக்கிறவங்ககிட்டயும் சொல்லிடுங்க' என்றால் அது அழைப்பு ஆகாது.

கமிட்டியில் எதிர்ப்பவர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பணம் கட்டியவனும் கட்டாதவனும் ஒன்றா என்ற அவர்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. அதற்கு ஒரே பதில், சங்கப் பணத்தை இந்த நாளுக்குத் தொடாமல் இருப்பது. எப்படி என்று செலவைப் பேசும்போது சொல்கிறேன்.

பின்தெருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். புறநகர்களில் இது எங்கும் இருக்கிற நிலைமை. வயல் மனைகளாகப் பிரிந்து நகர் என்று பெயர் வைத்ததும், அதற்கு முன்பே அங்கே இருந்தவர்கள் வரைபடத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவர், உங்கள் தெருவில் இஸ்திரி வண்டி போடுகிறவர் பலருக்கும் அந்தப் பின்தெருதான் வீடாக இருக்கும். ஏரி எந்தப் பக்கம் வழியும், எந்த வாய்க்காலை மூடி வீடு கட்டியிருக்கிறார்கள் என்பது அங்கே இருக்கிற அறுபது வயதுக்காரருக்குத் தெரியும். உங்கள் மனை வரைபடத்தில் அது இருக்காது. அவர்களை அழைக்க யாரை அனுப்புகிறீர்கள் என்பது முக்கியம். நோட்டீஸ் கொடுக்க ஒரு பையனை அனுப்பாதீர்கள். நீங்களும் கமிட்டியில் வயதில் மூத்தவர் ஒருவரும் நேரில் போங்கள். திண்ணையில் உட்காரச் சொன்னால் உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். இதைச் சடங்காகச் சொல்லவில்லை. எத்தனையோ காலமாக அந்தத் தெரு பார்த்துவந்த ஒரு நடத்தைக்கு, நீங்கள் வார்த்தையில்லாமல் சொல்லும் பதில் அது. போய் 'விழாவுக்கு வாங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். 'எப்படி நடத்தலாம், நீங்க என்ன நினைக்கிறீங்க' என்று கேளுங்கள். அந்தத் தெருவிலிருந்து இரண்டு பேராவது ஏற்பாட்டுக் குழுவில் இருக்க வேண்டும். நாற்காலி தூக்குகிற குழுவில் மட்டும் அவர்களைப் போட்டுவிடாதீர்கள். பணப் பொறுப்பிலோ சாப்பாட்டுப் பொறுப்பிலோ ஒருவர் இருக்கட்டும்.

ஒடிசாப் பையன்கள் விஷயத்தில் உள்ள சிக்கல் வேறு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவா என்பதே முதலில் தெரிய வேண்டும். மாலை எட்டு மணிக்கு ஷிப்டு முடிந்து வருகிறவர்களை நாலு மணிக்கு அழைத்துப் பயனில்லை. நேரில் போய்க் கேளுங்கள். அவர்களில் தமிழ் ஓரளவு வரும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அழைப்பை அவர்கள் மொழியில் அவரையே பேசச் சொல்லி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புங்கள். அவர்கள் ஊரில் பருப்பும் காய்கறியும் சேர்த்து தால்மா என்று ஒன்று செய்வார்கள், நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். ஒரு சின்ன அண்டாவில் அதைச் செய்து தரமுடியுமா, சாமான் நாங்கள் வாங்கித் தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். விருந்தாளியாக வந்து ஓரமாக நிற்பதைவிட, பரிமாறுகிற கரண்டி கையில் இருந்தால் கூச்சம் போய்விடும். இது எல்லாருக்கும் பொருந்தும்.

போன வருடம் நாற்காலி காலியானதும் இதனால்தான். வந்தவர்களுக்கு உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை. நம் ஊர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டுக்கு வரி போடுவார்கள். அதோடு பந்தக்கால் ஊன்ற ஒரு வகையறா, தோரணம் கட்ட ஒரு தெரு, கஞ்சி ஊற்ற ஒரு வீடு என்று வேலையும் பங்கிட்டிருக்கும். வேலை இருக்கிறவர் எப்படியும் வருவார், அவரைப் பார்க்க அவர் வீட்டார் வருவார்கள். (அந்தத் திருவிழாக்களில் சிலரை ஒதுக்கி வைத்த வழக்கமும் இருந்தது. அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வேலைப் பங்கீட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.)

அதனால் 220 வீட்டையும் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். 22 குழு வரும். ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் ஒருவர் 'வாசல் பொறுப்பு'. அவர் அந்தப் பத்து வீட்டுக்குள்ளேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கல்லூரிப் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள் இந்த வேலையை மிக நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் இரண்டு முறை போக வேண்டும். ஆறு வாரத்துக்கு முன் ஒரு முறை. அப்போது நோட்டீஸ் வேண்டாம். 'அன்னிக்கு ஒரு மணி நேரம் உங்களால என்ன செய்ய முடியும்?' என்ற ஒரு கேள்வி போதும். சிலர் டீ போடுகிறேன் என்பார்கள். சிலர் குழந்தைகளுக்குப் பம்பரம் விடச் சொல்லித் தருகிறேன் என்பார்கள். ஒரு நகரில் ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் ஆட்களைக் கணக்கெடுப்பேன் என்றார். அவரை நுழைவாயிலில் மேசை போட்டு உட்கார வைத்தோம். அன்று வந்த அத்தனை பேரின் பெயரையும் அவர்தான் எழுதினார், அத்தனை பேரிடமும் இரண்டு வார்த்தை பேசினார். ஒரு வாரத்துக்கு முன் இரண்டாம் முறை போகும்போது அவரவர் வேலையையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். வாட்ஸ்அப் குழு நினைவூட்டுவதற்கு உதவும். அழைப்பதற்கு உதவாது.

தேதிக்கு வருகிறேன். உங்கள் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதைத் தொடவே வேண்டாம். காணும் பொங்கலன்று வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பாதிப் பேர் சொந்த ஊரில் இருப்பார்கள், மீதிப் பேர் கடற்கரையில். மார்ச் வந்தால் பொதுத்தேர்வு. ஆக, தை பிற்பாதி ஞாயிறுகள்தான் மிச்சம். அதிலும் நாட்காட்டியைத் திறந்து முகூர்த்த ஞாயிறா என்று பாருங்கள். தை மாதத்து முகூர்த்த நாளில் உங்கள் நகரே கல்யாண மண்டபங்களில் இருக்கும். ரமலான் நோன்பு சில ஆண்டுகளில் இந்த நாட்களை ஒட்டியே வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நோன்பு தொடங்கிவிட்டால் தேதியைத் தள்ளுங்கள். முடியாவிட்டால் சாப்பாட்டை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கும், பகலில் சமையல் இருக்கிற வீடுகளுக்கும் மாலைதான் தோது. மூன்றரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்துவிடுங்கள்.

அனுமதி வாங்குவது நீங்கள் பயப்படுகிற அளவுக்குப் பெரிய வேலை இல்லை. தெருவை அடைப்பதற்கும் மைக்குக்கும் காவல் நிலையத்தில் மனு, உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு கடிதம். பதினைந்து நாளுக்கு முன்பே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபல், அது சாதாரணமாகப் பேசுகிற அளவுதான். அதனால் கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். கையில் பிடிக்கிற ஒரு சின்ன மைக், ஒரு பெட்டி போதும். மின்சாரத்துக்குத் தெருக்கம்பத்தில் கொக்கி போட யாராவது யோசனை சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சட்டக் குற்றம் என்பதோடு, குழந்தைகள் ஓடுகிற இடத்தில் உயிருக்கே ஆபத்து. பெரிய விளக்குகள் வேண்டுமென்றால் மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு கேளுங்கள், அல்லது பொழுதிருக்கும்போதே பெரும்பாலானதை முடித்துவிடுங்கள்.

எந்தத் தெருவை அடைக்கிறீர்கள் என்பதில் நான் ஒரு முறை பெரிய தவறு செய்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிது. ஒரு நகரில் தெருவின் இரண்டு முனையிலும் பெஞ்சு போட்டு, கயிறு கட்டி, நடுவில் பந்தலும் போட்டுவிட்டோம். மாலை ஐந்து மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே டயாலிசிஸ் முடித்துத் திரும்பும் ஒருவர். அவர் வீடு தெருவின் நடுவில். பெஞ்சை நகர்த்தினாலும் பந்தலைத் தாண்ட முடியவில்லை. அந்த மனிதர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் நடந்து போனார். யாரும் எங்களைத் திட்டவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான் எனக்கு ஆறவே இல்லை. பக்கத்து வீட்டாரை அறிந்துகொள்ளத்தான் அந்த விழாவையே வைத்திருந்தோம். அன்றிலிருந்து, பந்தல் போடுவதற்கு முன் வீடு வீடாகக் கேட்கிறோம். நடக்க முடியாதவர், வாரத்தில் சில நாள் மருத்துவமனை போகிறவர், மாதம் நிறைந்த கர்ப்பிணி யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அந்த வாசல்கள் இல்லாத தெருவைத்தான் அடைக்கிறோம். அடைத்த தெருவிலும் 108 வண்டி ஒன்று நுழைகிற அகலத்துக்கு வழி விடுங்கள். முனையில் கயிற்றுக்குப் பதிலாக இரண்டு ஆட்களை நிறுத்துங்கள்.

இனி செலவு. போன வருடம் 500 ரூபாய் எங்கே போனது என்று பாருங்கள். மேடை, மெல்லிசை, பொன்னாடை, நினைவுப் பரிசு. இந்த நான்கையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது டீயும் சுண்டலும் நாற்காலியும்தான். அதற்கு வரி போட வேண்டியதில்லை. பணம் கொடுக்க விரும்புகிறவர்கள் இஷ்டப்பட்டதைப் போட ஒரு உண்டியல் வையுங்கள். யார் எவ்வளவு என்று எழுதிப் படிக்காதீர்கள். பொருளாகத் தருகிறவர்களுக்கு ஒரு பட்டியல் ஒட்டுங்கள். பன்னிரண்டு கிலோ கொண்டைக்கடலை, பதினைந்து லிட்டர் பால், தண்ணீர்க் கேன், கயிறு, சாக்கு என்று எழுதி எதிரே கோடு விடுங்கள். எடுத்துக்கொள்கிறவர் கோட்டில் பெயர் எழுதட்டும். ஒரு முழம் பூவும் ஒரு சீப்பு வாழைப்பழமும் எழுதுகிறவர் பெயரும் அதே எழுத்தில் அங்கே இருக்கும். இப்படிச் செய்தால் சங்கப் பணம் ஒரு பைசா போகாது, சந்தா கேள்வியும் எழாது. அடுத்த ஞாயிற்றுக்குள் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

உத்தேசமாக 300 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கடலை வெந்தால் இரண்டே கால் கிலோ போல ஆகும், ஒரு கைப்பிடிக் கிண்ணம் வீதம் 25 பேருக்கு மேல் வரும். அதனால் பன்னிரண்டு கிலோ தாராளம். டீ ஆளுக்கு 100 மில்லி என்றால் 30 லிட்டர், பாதிக்குப் பாதி பால். குடிக்க ஆளுக்கு ஒரு லிட்டர் வீதம் 20 லிட்டர் கேன் பதினைந்து. கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், அதற்குப் பொறுப்பு யார் என்று பெயர் எழுதி வையுங்கள். இது எங்கேயும் மறந்துபோகிற வேலை. வீடுகளிலிருந்து பலகாரம் கொண்டுவர விரும்புகிறவர்களைத் தடுக்க வேண்டாம். ஆனால் பெயரையும், முட்டை, நிலக்கடலை, பால் ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்பதையும் சீட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சமைத்தது எதுவும் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். அதனால் முதலிலேயே எல்லாவற்றையும் பரப்பி வைக்காமல் இரண்டு தவணையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். யார் சமைத்ததை யார் சாப்பிடுவார்கள் என்ற பேச்சு எழலாம். எழுந்தால் உங்கள் பதில் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பெரிய அண்டா தெருவில்தான் வேகும், எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்துதான் கிண்டுவார்கள், பந்தி ஒன்றுதான். இதில் வளைந்துகொடுக்காதீர்கள்.

பிளாஸ்டிக் கப்பும் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அந்தத் தடையில் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டிலிருந்து ஆளுக்கொரு டம்ளர் கொண்டுவரச் சொல்லுங்கள், சுண்டலுக்கு மந்தார இலைத் தொன்னை. கழிப்பறை பற்றி யாரும் யோசிப்பதில்லை. பெரியவர்கள் பாதியில் எழுந்து போய்விடுவதற்கு அதுவே காரணம். தெருவில் நான்கு வீட்டுக்காரர்களிடம் சொல்லிவைத்து, வாசலில் 'கழிப்பறை இங்கே' என்று அட்டை மாட்டுங்கள். அதுவே பெரிய உபகாரம்.

விளையாட்டில் தெருவுக்குத் தெரு போட்டி வைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே முன்தெரு பின்தெரு என்று இருக்கிற கோட்டை நாமே ஆழமாக வெட்டுவதாகும். கயிறு இழுக்க, கதவு எண் ஒற்றைப்படையாக இருப்பவர்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். எதிர்வீட்டுக்காரரும் நீங்களும் எதிரணி, பின்தெருக்காரர் உங்கள் அணி. (கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள், விரல் போய்விடும்.) கோலத்துக்கும் போட்டி வேண்டாம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே சிக்குக் கோலம். ஒவ்வொரு வாசலிலும் அவரவர் புள்ளி வைத்து இழைக்கட்டும், கோடு மட்டும் அடுத்த வாசல் கோலத்தோடு போய்ச் சேர வேண்டும். எங்கே சேர்ப்பது என்று கேட்க, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். ஆண்களும் புள்ளி வைக்கட்டும். பல்லாங்குழி, தாயம் எல்லாம் பாட்டிமார் பொறுப்பு. பரிசே வேண்டாம் என்றால் குழந்தைகள் முகம் வாடும், எல்லாக் குழந்தைக்கும் ஒரு பம்பரம் கொடுங்கள்.

இவற்றையெல்லாம்விட நீங்கள் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஐந்து மணி வாக்கில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு நடை போங்கள். 2015-ல் அங்கே இருந்தவர்கள் முன்னால் நடக்கட்டும். பின்தெருப் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொண்டு, தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றதோ அங்கே சுவரில் நீலச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. எந்த வழியாக முதலில் வந்தது, எந்த வீட்டு மாடியில் எத்தனை பேர் தங்கினார்கள், படகு எங்கே வந்து நின்றது என்று அவர்கள் சொல்லட்டும். அதற்குப் பிறகு குடிவந்தவர்களுக்கு, முக்கியமாக வாடகைக்கு வந்தவர்களுக்கு, இதை யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள். தங்கள் கழுத்துக்கு நேராக ஒரு நீலக் கோட்டைப் பார்க்கும் குழந்தை அதை மறக்காது.

நடை முடிந்து திரும்பும் இடத்தில் 22 வாசல் பொறுப்பாளர்களும் ஒரு தாளோடு உட்கார்ந்திருக்க வேண்டும். தத்தம் பத்து வீட்டாரிடம் கேட்டு எழுத வேண்டியவை: எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர் உண்டா, ஆக்ஸிஜன், டயாலிசிஸ், குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய இன்சுலின் உண்டா, கைக்குழந்தை உண்டா, வெளியூரிலிருக்கும் பிள்ளைகளின் எண். இன்னொரு பக்கத்தில், நர்ஸ் யார், எலக்ட்ரீஷியன் யார், நீந்தத் தெரிந்தவர் யார், ஏணி, இன்வெர்ட்டர், மண்ணெண்ணெய் அடுப்பு யாரிடம் இருக்கிறது, யார் வீட்டு மாடிக்கு வெளிப்படி இருக்கிறது. சொல்ல விரும்பாதவர்களை வற்புறுத்த வேண்டாம். தாளில் ஒரு பிரதி பொறுப்பாளரிடம், ஒரு பிரதி உங்களிடம். வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. தனியாக இருக்கும் பெண்கள், முதியவர்கள் விவரம் அது. பருவமழைக்கு முன் செப்டம்பரில் ஒரு முறை சரிபார்த்துத் திருத்துங்கள்.

சிறப்பு விருந்தினர் பற்றிக் கேட்பார்கள். வார்டு உறுப்பினரை அழையுங்கள், டீ கொடுங்கள், நீலக் கோடு நடையில் கூடவே நடக்கச் சொல்லுங்கள். மைக்கைக் கொடுக்க வேண்டாம். சாலை, சாக்கடைக் குறைகளை அன்று எடுத்தால் மாலை முழுவதும் அதிலேயே போய்விடும். அதற்கு மாநகராட்சி என்றால் பகுதி சபையும், ஊராட்சி என்றால் கிராம சபையும் இருக்கின்றன. தூய்மைப் பணியாளர்களுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, விழா முடிந்ததும் குப்பையை அவர்களையே அள்ளவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். மனம் பொறுக்கவில்லை. அவர்களும் குடும்பத்தோடு வந்து உட்காரட்டும். எட்டு மணிக்குத் தெருவைப் பெருக்க கமிட்டிக்காரர்கள் துடைப்பம் எடுக்கட்டும், தலைவரிலிருந்து தொடங்கி.

கூட்டம் எவ்வளவு வந்தது என்று அன்று இரவு எண்ணாதீர்கள். இரண்டு வாரம் கழித்து, 22 பேரையும் கூப்பிட்டுத் தாளைப் பார்க்காமல் தங்கள் பத்து வீட்டார் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ஏழு வீடு சொன்னால் போதும், முதல் வருடத்துக்கு அது பெரிய காரியம்.

ஒரு விஷயம் உங்கள் கடிதத்தில் இல்லை. அந்தத் தெருக்கோடி வீட்டில் பெரியவர் இன்னும் இருக்கிறாரா, அல்லது வேறு யாராவது இருக்கிறார்களா? இந்த வாரக் கமிட்டிக் கூட்டத்துக்கு முன்பே அந்த வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள். முதல் அழைப்பு அங்கே போகட்டும்.